கோயிலைத் திருத்த மேசன் பாஸ் போதாது

பழைய கோயிலைத் திருத்துவதற்குக் கட்டடக் கலைஞர் எதற்கு? கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் எந்தப் பங்குச்சபையில் கூரை ஒழுகும் பேச்சு எழுந்தாலும் இந்தக் கேள்வி வந்து விழும். கேள்வி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கேட்பவர் பதிலையும் மடியில் முடிந்துகொண்டுதான் வருகிறார். நல்ல மேசன் பாஸ் ஒருவர், கணக்குப் பார்க்க ஒரு பொறியியலாளர், மேற்பார்வைக்குப் பங்குத்தந்தை, அவ்வளவு போதும் என்பது அந்தப் பதில்.

அந்தத் தரப்பை அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். கோயில் நூதனசாலை இல்லை, ஞாயிறு தவறாமல் பூசை நடக்கும் இடம். அதைக் கட்டியவர்கள் பட்டம் பெற்ற கலைஞர்கள் இல்லை, மிஷன் சுவாமிமாரும் ஊர் மேசன்மாரும்தான். அந்த மேசன்மாரின் பேரப்பிள்ளைகள் இன்றும் இதே தொழிலில் இருக்கிறார்கள். பங்கிலேயே பொறியியலாளர் ஒருவர் இருக்கிறார், ஒரு சதமும் வாங்காமல் பார்த்துக் கொடுப்பார். இத்தாலியில் முதியோரைப் பராமரித்துப் பிள்ளைகள் அனுப்பும் காசைப் படம் கீறுகிறவருக்குக் கொடுத்தால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கலைஞரைக் கூப்பிட்டால் அவர் பின்னால் தொல்பொருள் திணைக்களம் வரும், மூன்று மாத வேலை மூன்று வருடம் இழுபடும், மழை அதுவரை காத்திருக்காது.

இதைச் சொல்பவர்கள் கோயிலை வெறுப்பவர்கள் அல்லர். சனிக்கிழமை வந்து தும்புத்தடி பிடிப்பவர்கள், திருவிழாக் கொடியேற்றத்துக்கு ராப்பகலாய் உழைப்பவர்கள். நம் பழைய கோயில்கள் அழிந்துகொண்டிருப்பதும் பெரும்பாலும் இவர்கள் கையால்தான்.

அம்பிட்டியவில் இருந்து இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1893இல் பாப்பரசர் 13ஆம் லியோ இந்தியத் துணைக்கண்டத்துக்கான பாப்பரசர் குருமடத்தை இந்த மேட்டில்தான் அமைத்தார். பெல்ஜிய நாட்டு இயேசு சபையினர் அதை நடத்தினார்கள். 1955இல் அது பூனேக்கு இடம் மாறியது, இங்கே இலங்கையின் தேசிய குருமடம் வந்தது. நாளை ஏதாவது ஒரு பங்கில் ஒழுகும் கூரைக்குக் கீழே நின்று முடிவெடுக்கப் போகிற சுவாமிமார் பலர் இன்று இந்த மேட்டில்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே வாதத்தை இங்கிருந்தே தொடங்கலாம். பழைய கட்டடங்களைப் பேணுவதையே தனித் துறையாகப் படித்த கட்டடக் கலைஞரைச் சுருக்கமாகப் பேணல் கலைஞர் என்கிறேன்.

1. கட்டிய கையே திருத்தட்டும் என்கிறார்கள். கட்டிய கை எங்கே இருக்கிறது?

பேரன் தாத்தாவின் தொழிலைச் செய்கிறார் என்பது உண்மை. தாத்தாவின் சாந்தைக் குழைக்கிறாரா? கண்டியின் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவர்களில் செங்கல்லையும் கருங்கல்லையும் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து, சில இடங்களில் களிமண். இன்றைய மேசனுக்கு வாய்ப்பாடு ஒன்றுதான்: ஒரு பங்கு சீமெந்து, இத்தனை பங்கு மணல். வீடு கட்ட அது சரி. நூற்றைம்பது வருடச் சுவருக்கு அது மெதுவாக வேலை செய்யும் நஞ்சு.

காரணம் எளியது. பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடை கிடையாது. மண்ணில் இருந்து ஈரம் ஏறும், ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் வெளியில் இருந்து நனைக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே விட்டு, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சீமெந்துப் பூச்சு வெளியே விடாது. அடைபட்ட ஈரம் பூச்சு இல்லாத இடம் தேடி மேலே ஏறும், அல்லது சாந்தை விட மென்மையான செங்கல் வழியாக வெளியேறும். போகும்போது உப்பைச் செங்கல்லின் முகத்தில் விட்டுப் போகும். உப்பு படிகமாகிப் பருக்கும்போது செங்கல் செதில் செதிலாக உதிரும். சாந்து உறுதியாக நிற்கும், கல் கரைந்துபோகும்.

இதைப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கண்டிக்கு அப்பால் மலைப்பங்கு ஒன்றின் பக்கச் சுவரைப் போய்ப் பாருங்கள். பெயர் வேண்டாம், இப்படி இன்னும் பல இருக்கின்றன. முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியதால் ஒரு காலத்தில் அந்த உயரத்துக்குச் சீமெந்து பூசினார்கள். ஈரம் இடுப்புக்கு வந்தது. நெஞ்சு உயரத்துக்குப் பூசி, எண்ணெய்ப் பெயின்ட் அடித்தார்கள். இப்போது பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. விரலால் தட்டினால் வெற்றுச் சத்தம், கீறினால் நகத்தில் வெள்ளை மாவு. சிலுவைப் பாதைப் படங்களின் சட்டத்துக்குக் கீழ் விளிம்பில் ஈரக்கோடு வந்து தொட்டுவிட்டது. அடுத்த யோசனை என்ன தெரியுமா? டைல்ஸ் ஒட்டுவது.

மேசன் பாஸைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு வேண்டும், இப்படி நீற்ற வேண்டும், இத்தனை கிழமை ஊறப் போட வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுத்தவர் யார்? மாத்தளைப் பக்கம் சூளைக்காரர்கள் இருக்கிறார்கள், ஆற்று மணலும் இருக்கிறது, கையும் இருக்கிறது. எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

2. பொறியியலாளர் போதும் என்பவர்களுக்கு: அவருக்கு எந்தக் கேள்வியைக் கொடுத்தீர்கள்?

சுவரில் வெடிப்பு. "இது தாங்குமா?" என்று கேட்டால் பொறியியலாளர் தன் கணக்கின்படி பதில் சொல்வார், அந்தக் கணக்கு பெரும்பாலும் கொங்கிறீற்றுக்கும் கம்பிக்கும் எழுதப்பட்டது. சுவரின் தலையில் கொங்கிறீற் பீம் ஒன்று போடச் சொல்வார். அசைந்து இளகிப் பழகிய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் அசையாத பாரம் ஒன்று ஏறி உட்காரும்.

பேணல் கலைஞர் கேட்பது வேறு. வெடிப்பு எப்போது வந்தது, இன்னும் அசைகிறதா? வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பதித்து, பக்கத்தில் திகதியை எழுதி வைப்பார்கள். இரண்டு மழைக்காலம் கழித்துக் கண்ணாடி முழுசாக இருந்தால் அந்த வெடிப்பு பழைய கதை, சாந்து நிரப்பினால் முடிந்தது. கண்ணாடி உடைந்திருந்தால் நோய் சுவரில் இல்லாமலும் இருக்கலாம். மலைச்சரிவில் பின்பக்கத்து வடிகான் அடைபட்டு, நீர் அத்திவாரத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் தேவைப்படுவது மண்வெட்டி. பீமுக்கு வேலையே இல்லை.

பொறியியலாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் வந்தே ஆக வேண்டும், ஆனால் சரியான கேள்வி எழுதப்பட்ட தாளோடு வர வேண்டும். பழைய செங்கல் வேலை எவ்வளவு இடக்கானது என்பதற்கு அநுராதபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருத்திக்கொண்டிருந்த மிரிசவெட்டிய தாதுகோபம் 1987இல் சரிந்தது. பழையதன் மேல் புதியதை ஏற்றும் வேலை அது.

3. காசு வீண் என்கிறீர்கள். எந்தக் காசு?

பங்குச்சபைக் கணக்கில் கலைஞரின் கட்டணம் ஒரு வரியாகத் தெரியும். தவறாகச் செய்த வேலையின் செலவு எந்த வரியிலும் தெரியாது, அது பத்து வருடம் கழித்து வேறொரு சபையின் கணக்கில் "சுவர் திருத்தம்" என்று வரும். மேலே சொன்ன சுவரில் இருமுறை பூசிய கூலி, பெயின்ட், இனி ஒட்டப்போகும் டைல்ஸ், கடைசியில் அத்தனையையும் கொத்தி எடுக்கும் செலவு எல்லாம் ஒரே பிழையின் தவணைகள்.

நன்கொடையின் சமூகவியலையும் மறைக்காமல் பேசலாம். வாசலில் கருங்கல் பலகை ஒன்று இருக்கிறது, தந்தவர் பெயரும் தொகையும் பொன்னெழுத்தில். பீலியில் அடைத்த சருகை அள்ளியதற்கு எவர் பெயரும் பலகையில் ஏறாது. உடைந்த ஓட்டை மாற்றியதற்கு ஏறாது. மணிக்கூண்டு இடுக்கில் வேர்விட்ட அரசங்கன்றை வேரோடு எடுத்ததற்கும் ஏறாது. ஆகவே காசு கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கே ஓடுகிறது: புதுத் தரை, புதுப் பீடம், புது வளைவு, மின்விளக்குச் சரம். கோயிலைக் காப்பாற்றும் வேலைகளில் முக்காற்பங்கு கண்ணுக்குத் தெரியாதவை. கோயிலைக் கெடுக்கும் வேலைகளோ எல்லாமே திறப்புவிழாவுக்குத் தோதானவை.

நல்ல பேணல் கலைஞர் தரும் அறிக்கையில் பாதி "தொடாதே" பட்டியலாக இருக்கும். தேக்குக் கதவைத் தொடாதே, பழைய தரைக் கல்லைப் பெயர்க்காதே, இந்தச் சுவரின் சீமெந்தை மட்டும் எடு, மற்றதை விடு. காசு மிச்சமாவது அந்தப் பட்டியலில்தான். கொந்தராத்துக்காரர் ஒருவர் உங்களிடம் வந்து "இந்த வேலை தேவையில்லை" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறார்?

4. வழிபாடு நடக்கும் இடம், நூதனசாலை இல்லை. சரி, வழிபாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

இந்த வாதம்தான் எல்லாவற்றையும் விடப் பக்தியாக ஒலிக்கிறது, எல்லாவற்றையும் விடச் சுலபமாக விழுவதும் இதுதான். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1216ஆம் பிரிவில், கோயில் கட்டும்போதும் திருத்தும்போதும் வல்லுநர் ஆலோசனையைப் பெற வேண்டும் என்கிறது. 1189ஆம் பிரிவு இன்னும் இறுக்கமானது. பழைமையாலோ கலையாலோ வழிபாட்டாலோ சிறந்த திருவுருவங்களைத் திருத்துவதற்கு ஆயரின் எழுத்து மூல அனுமதி வேண்டும், அவரும் வல்லுநரைக் கேட்டுத்தான் அதைத் தர வேண்டும்.

"சங்கம் சொன்னது" என்று சொல்லிப் பழைய பீடங்களையும் நற்கருணைக் கிராதிகளையும் பிடுங்கிப் போட்ட காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனமே, மதிப்புள்ள கோயில் பொருட்கள் கைமாறவோ சிதறவோ விடாமல் ஆயர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. பிடுங்கியவர்கள் அந்தப் பக்கம் வரை வாசிக்கவில்லை போலும்.

இதன் மறுபக்கமாக ஒரு குரல் உண்டு: இவை வெள்ளைக்காரன் கட்டியவை, இடித்து நம் பாணியில் கட்டுவோம். நம் பாணியில் கோயில் வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர்கள் இதே கண்டியில் இருந்தார்கள். திரினிட்டி கல்லூரிச் சிற்றாலயத்துக்கு 1923இல் அடிக்கல் வைத்து 1935இல் அர்ச்சித்தார்கள். வரைந்தவர் அங்கே ஆசிரியராக இருந்த எல். ஜே. காஸ்டர். கண்டி ராசாக்களின் சபா மண்டபமான மகுல் மடுவவையும் எம்பக்கே தேவாலயத்தின் தூண் வேலையையும் ஊன்றிப் பார்த்துத்தான் கல்தூண்கள் எழுந்தன. உள்ளே டேவிட் பெயின்ரரின் சுவரோவியங்கள். பன்னிரண்டு வருடம். கொங்கிறீற் அச்சில் வார்த்த தாமரை இதழ் நம் பாணி ஆகிவிடாது. அந்தச் சிற்றாலயமும் இன்று நூறை நெருங்குகிறது, அதற்கும் இதே விதிதான்.

5. திணைக்களம் வந்துவிடும் என்ற பயம். வராது, அதுதான் சிக்கல்.

இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அது தானாகவே பாதுகாக்கும் பழைய கட்டடங்களுக்கு ஓர் எல்லைத் திகதி வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். கண்டிக்காரர்கள் இந்தத் திகதியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். கரையோரத்தில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் கோயில்கள் இந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்கின்றன. கொழும்பு வொல்பெண்டால் ஆலயமும் காலிக் கோட்டை ஒல்லாந்தர் ஆலயமும் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கண்டியில் இன்று நிற்கும் கோயில்களோ இராச்சியம் வீழ்ந்த பின் எழுந்தவை. தலதா மாளிகைக்குப் பக்கத்தில் சிவந்து நிற்கும் தூய பவுல் ஆலயம்கூட 1840களில்தான் தொடங்கப்பட்டது. சட்டம் கோடு கிழித்த இடத்தில் இருந்துதான் நம் கோயில்களின் வரலாறே ஆரம்பிக்கிறது.

பிந்திய கட்டடங்களுக்கு வழி இல்லாமல் இல்லை. நூறு வருடம் கடந்ததை வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாம். அறிவிக்காத வரை, நகர மையத்தின் திட்டமிடல் கட்டுப்பாடுகளுக்கு வெளியே இருக்கும் ஒரு மலைப்பங்குக் கோயிலைச் செவ்வாய்க்கிழமை காலையில் கொத்தத் தொடங்கினால் தடுக்க எவரும் வரப்போவதில்லை. காவலுக்கு அரசாங்கம் இருக்கிறது என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் காவலே இல்லாத வீட்டில் இருக்கிறார்கள். ஆகவேதான் பங்கு தானாகவே ஒருவரை அமர்த்த வேண்டியிருக்கிறது.

6. வல்லுநர்களும் கெடுத்திருக்கிறார்கள். ஆம்.

எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்லாமல் விடும் வாதம் இது. அவர்களுக்காக நானே சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் அவர்களிடம் உள்ளதிலேயே வலியது. கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் பொம் ஜேசு பேராலயம் செம்புரைக்கல்லால் கட்டியது, நம் பக்கத்தில் கபொக் என்பது. அதன் வெளிச்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. 1950களின் தொடக்கத்தில் போர்த்துக்கேய அரசின் கட்டடக் கலைஞர் பல்தசார் காஸ்திரோ அந்தப் பூச்சைக் களைய வைத்தார். கல் தெரிந்தால்தான் பழைமை தெரியும் என்பது அவர் எண்ணம். துளை துளையான கல், மேலே கொங்கணத்து மழை. அன்றில் இருந்து அது அரித்துக்கொண்டிருக்கிறது. இதில் கேலி என்னவென்றால், மீண்டும் பூச வேண்டும் என்று அண்மை ஆண்டுகளில் கோரிக்கை எழுந்தபோது, "பழைய தோற்றத்தைக் கெடுக்காதே" என்று எதிர்ப்பும் எழுந்தது. அந்தத் தோற்றத்துக்கு வயது எழுபது.

செய்தவர் வல்லுநர். இதை வைத்து வல்லுநரே வேண்டாம் என்று முடிவு கட்டலாமா? அவர் செய்த தவறைப் பாருங்கள்: கட்டடம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் எப்படித் தெரிகிறது என்று பார்த்தார். நம் பங்குச்சபைகள் டைல்ஸ் ஒட்டும்போது செய்வதும் அதையேதான். காஸ்திரோவைத் தம் பக்கத்துச் சாட்சியாக அழைக்க முடியாதவர்கள் "மேசன் பாஸ் போதும்" கட்சியினர்தான். 1964இன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நிற்க வேண்டும் என்று எழுதியது இப்படிப்பட்ட வல்லுநர்களைக் கட்டிப்போடத்தான். அந்தக் கட்டுப்பாட்டில் பயின்றவரைத் தேடுங்கள் என்பதே என் பேச்சு.

தொடுவதற்கு முன் பதிவு செய்வது ஏன் முதல் வேலை என்பதற்குக் கண்டியே இரண்டு சாட்சி தருகிறது. 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகையில் குண்டு வெடித்தபோது காரை உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து பழைய சுவரோவியங்கள் வெளிப்பட்டன. அவ்வளவு பேர் வந்து வணங்கும் இடத்திலேயே பூச்சுக்குப் பின்னால் இருந்தது மறந்துபோயிருந்தது. உங்கள் பங்குக் கோயிலின் சுண்ணாம்புக்குப் பின்னால் எதுவும் இல்லை என்று எப்படித் தெரியும்? மற்றச் சாட்சி யோசப் வாஸ் முனிவர். 1692இல் கண்டிக்கு வந்து, 1711 ஜனவரி 16இல் இங்கேயே இறந்தவர். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைக் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார். அவரை அடக்கம் செய்த இடம் எது என்று இன்று கண்டியில் எவருக்கும் தெரியாது. மதத் துன்புறுத்தலும் கோயில் இடிப்பும் அதற்குக் காரணம், சரி. ஆனால் இப்போது யாரும் நம்மைத் துரத்தவில்லை. நம் கோயில்களுக்கு அளந்து கீறிய வரைபடம் இல்லாமல் இருப்பதற்கு நாம் யாரைக் குற்றம் சொல்வது?

இனி அமர்த்துவது எப்படி என்பது. இதில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பேணலுக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது, அங்கே படித்துத் தொழில் செய்பவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் விசாரிக்கலாம். வருகிறவரிடம் வேலை முடிந்த அன்று எடுத்த படங்களைக் கேட்காதீர்கள். பத்து வருடத்துக்கு முன் அவர் திருத்திய கட்டடம் ஒன்றை இப்போது மழைக்காலத்தில் போய்ப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அவரும் கொந்தராத்துக்காரரும் ஒரே கை ஆகாமல் பாருங்கள்.

கட்டணத்தை மொத்த வேலைச் செலவில் நூற்றுக்கு இத்தனை என்று பேசவே பேசாதீர்கள். வேலை பெருக்கெடுத்தால் அவர் கூலியும் பெருகும் என்றால், "தொடாதே" என்ற சொல்லை அவரிடம் எதிர்பார்ப்பது அநியாயம். முதல் கட்டத்துக்கு மட்டும் தனி ஒப்பந்தம் போடுங்கள்: அளந்து வரைதல், நிலை அறிக்கை, ஒரு மழைக்காலக் கவனிப்பு. அதற்கு ஒரு தொகை. அதன் பின் அவர் வேண்டாம் என்றால் அறிக்கையை வைத்துக்கொண்டு வேறொருவரை அழைக்கலாம். வரைபடத்தின் ஒரு பிரதி பங்குப் பெட்டகத்தில், ஒரு பிரதி ஆயர் இல்லத்தில்.

அதுவரை மழைக்கு? ஓடு மாற்றுங்கள், பீலியைச் சுத்தம் செய்யுங்கள், தேவைப்பட்டால் தகரத்தால் தற்காலிகமாக மூடுங்கள். இதற்கெல்லாம் எந்தக் கலைஞரும் வேண்டாம், இந்தச் சனிக்கிழமையே செய்யலாம். மேசன் பாஸை இதற்கு இன்றே கூப்பிடுங்கள். சீமெந்து மூட்டையை மட்டும் அவரை இறக்கவிடாதீர்கள்.